இட மரை

அண்ணனின் புல்லட்டை நானே பிரித்துச் சரிசெய்யப் போகிறேன் என்று சொன்னபோது நண்பர்கள் சிரித்தார்கள். நியாயமான சிரிப்பு. முப்பத்தைந்து வருஷங்கள் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். அங்கே நான் கையாண்டதிலேயே கனமான கருவி காகிதத்தில் துளையிடும் பஞ்சிங் மிஷின்தான். மிச்ச நேரத்தில் சிறுபத்திரிகைகளில், பிறர் எழுதியதைப் பிரித்துப் பார்த்து, எங்கே இளகியிருக்கிறது, எங்கே துரு ஏறியிருக்கிறது என்று எழுதிக்கொண்டிருந்தேன். பிரித்ததைத் திரும்ப மாட்டி ஓட்டிக் காட்ட வேண்டிய பொறுப்பு அந்தக் காரியத்தில் இல்லை. நண்பர் ஒருவர், ஜென்னையும் மோட்டார் சைக்கிளையும் சேர்த்துப் பேசும், 1974ல் வெளிவந்த அமெரிக்கப் புத்தகத்தை நினைவுபடுத்தி, 'தத்துவம் அப்புறம் வரட்டும், முதலில் ஆயில் மாற்றத் தெரியுமா?' என்று கேட்டார். தெரியாது என்றேன்.

அண்ணன் என்னைவிட ஏழு வயது மூத்தவர். பஞ்சாயத்து யூனியனில் ஓவர்சியராக இருந்தார். 1971ம் வருஷத்து 350 சி.சி. புல்லட் ஒன்றை 1979ல் செகண்ட் ஹாண்டில் வாங்கி, அம்பாசமுத்திரத்திலிருந்து கடையம், ஆழ்வார்குறிச்சி, பாபநாசம், முக்கூடல் என்று குளத்தங்கரைகளிலும் சரள் ரோடுகளிலும் முப்பது வருஷம் ஓட்டினார். 2009ல் ஓய்வு பெற்றார். முழங்கால் வலி வந்து கிக்கரை உதைக்க முடியாமல் போனபின், 2011ல் வண்டியைத் தார்சாவின் ஓரத்தில் நிறுத்திப் பழைய போர்வை ஒன்றைப் போட்டு மூடினார். 2019 புரட்டாசியில் ஒரு விடிகாலையில் அவருக்குப் பக்கவாதம் கண்டது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. கூடவே பேச்சும்.

பேச்சு முற்றிலும் போய்விடவில்லை. ஒரு சொல் மிஞ்சியது. 'அதான்.' பசித்தால் அதான். காப்பியில் மதினி தவறிச் சர்க்கரை போட்டுவிட்டால் அதற்கும் அதான். ஜன்னலைத் திற என்பதும் மூடு என்பதும் அதான். வேண்டும், வேண்டாம் இரண்டுக்கும் அதே சொல். குரல் ஏறி இறங்கும், சொல் மாறாது. டாக்டர் படத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, சேதம் மூளையின் இடது பாதியில் என்று காட்டினார்.

இந்த ஸ்திதியைப் பற்றி நான் படித்திருந்தேன். 1861ல் பாரீஸில் பால் ப்ரோகா என்ற மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்த்தார். லெபோர்ன் என்பது அவன் பெயர். எதைக் கேட்டாலும் அவன் வாயிலிருந்து வந்தது 'தான், தான்' என்ற ஒலி மட்டும். வலது கையும் காலும் செயலற்றுப் போயிருந்தன. அவன் இறந்த பிறகு மூளையைத் திறந்து பார்த்த ப்ரோகா, இடது முன்பகுதியில் இருந்த சேதத்தைக் கண்டு, பேச்சுக்கு மூளையில் ஓர் இடம் உண்டு என்று சொன்னார். மொழியும் மௌனமும் குறித்த என் கட்டுரை ஒன்றில் லெபோர்னை நான் உபயோகித்துமிருக்கிறேன். ப்ரோகாவின் குறிப்பில் இன்னொரு விஷயமும் இருக்கிறது: அந்த மனிதன் விதவிதமான கையசைவுகளால் தன் எண்ணங்களில் பெரும்பாலானவற்றைத் தெரிவித்துவிடுவான் என்பது. என் கட்டுரைக்கு அது தேவைப்படவில்லை. விட்டுவிட்டேன்.

அண்ணன் புத்தகம் படிக்கிறவர் அல்ல. என் முதல் கட்டுரை வந்த இதழை அவரிடம் கொடுத்தபோது, வாங்கி, முன்னும் பின்னும் புரட்டி, 'பைண்டிங் சரியில்லையேடா' என்றார். இருபது வருஷம் இதை ஒரு ஹாஸ்யத் துணுக்காக நண்பர்களிடம் சொல்லி வந்தேன். அந்த இதழை அண்மையில் தேடி எடுத்தபோது அதன் நடுத்தாள்கள் பின் கழன்று உதிர்ந்தன. என் கட்டுரை நடுத்தாளில்தான் இருந்தது. அதாவது, அவருக்குச் சொல் இல்லை என்ற முடிவுக்கு நான் பக்கவாதத்துக்கு வெகுநாள் முன்னாலேயே வந்துவிட்டேன்.

அவருக்கு உடம்பு முடியாமல் போனபின் மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பேன். தார்சாவில் எதிரெதிரே இரண்டு நாற்காலிகள். பேசத் தெரிந்தவன், பேச முடியாதவர் முன்னால் உட்கார்ந்திருப்பது லேசான காரியம் அல்ல. எதையாவது சொல்வேன். அவர் அதான் என்பார். பிறகு இருவரும் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்போம். 2022 சித்திரையில் ஒருநாள் மதினி, 'பழைய இரும்புக்காரன் வண்டியக் கேக்கான். குடுத்திரலாமா தம்பி?' என்றார். அண்ணன் அதான் என்று சொல்லிவிட்டுச் சுவரின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வண்டியை நான் சரிசெய்கிறேன் என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. ஆக, இதில் வண்டியின்மேல் உள்ள ஆசை கொஞ்சம். அந்த நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம் என்பது அதிகம்.

முதலில் ஸ்பேனர். இது இவ்வளவு பெரிய கல்வி என்று நான் நினைத்திருக்கவில்லை. புது ஸ்பேனர் செட் ஒன்று வாங்கிப் போனேன். எல்லாம் மில்லிமீட்டர். வண்டியின் நட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒன்று தளர்வாக இருந்தது, அடுத்தது நுழையவே இல்லை. அண்ணனின் பழைய தகரப்பெட்டியில் வேறு ஸ்பேனர்கள் இருந்தன. ஒன்றில் 1/4 என்று பொறித்திருந்தது. வாயை அளந்து பார்த்தால் அரை அங்குலத்துக்கும் சற்று அதிகம். பொறித்ததில் தப்பு என்று முடிவு செய்தேன். தப்பு என்னிடம் இருந்தது. 1841ல் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயர் மரைகளுக்கு ஓர் ஒழுங்கு கொண்டுவந்தார். அந்த வழியில் வந்த ஸ்பேனரின் எண், ஸ்பேனரின் வாயைக் குறிப்பதல்ல. நட்டுக்குள் மறைந்திருக்கும் போல்ட்டின் விட்டத்தைக் குறிப்பது. கண்ணுக்குத் தெரிவதை அளக்காமல் உள்ளே இருப்பதைச் சொல்லும் எண். வங்கியில் முப்பத்தைந்து வருஷம் எண்களோடு இருந்திருக்கிறேன். எண் எதைக் குறிக்கிறது என்று கேட்கத் தோன்றியதில்லை.

இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்த வண்டி இது. 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 1967ல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. 1970ல் இங்கிலாந்தில் மிச்சமிருந்த உற்பத்தியும் நின்றுபோயிற்று. அண்ணனின் வண்டி அதற்கு அடுத்த வருஷத்தது. மூலம் அழிந்த பிறகு வந்த பிரதி. அந்தப் பிரதியின் வழியாகத்தான் புல்லட் பிழைத்தது.

பிரதி என்ற சொல் என் தலைக்குள் வந்ததும் எனக்குள் இருந்த பதிப்பாசிரியர் விழித்துக்கொண்டார். வண்டியை 1971ல் திருவொற்றியூரை விட்டு வெளியே வந்த நிலைக்குக் கொண்டுபோவது, நடுவில் பலர் கைபட்டுச் சேர்ந்த இடைச்செருகல்களைக் களைவது என்று தீர்மானித்தேன். களைய நிறையவே இருந்தது. கால் வைக்கும் கம்பி ஏதோ கொல்லுப்பட்டறையில் அடித்தது. ஹெட்லைட்டின் உள்ளே சைக்கிள் டியூப் துண்டு. டாப்பெட் மூடியின் பேக்கிங் ஒரு போஸ்ட் கார்டிலிருந்து வெட்டப்பட்டது. ஆயிலில் ஊறிய கார்டில் அண்ணனின் கையெழுத்தைப் படிக்க முடிந்தது. சிமெண்ட் மூட்டைக் கணக்கு. பின்பிரேக் பெடல் உட்பக்கமாக வளைந்திருந்தது. எங்கோ விழுந்ததில் வளைந்திருக்கும் என்று எண்ணி, காய்ச்சி நிமிர்த்திக் கொண்டுவந்தேன். நிமிர்ந்த பெடலை அண்ணன் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதான் என்றார். அவர் பாராட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். அது விபத்தில் வளைந்ததல்ல என்று மதினிதான் சொன்னார். அந்தக் காலத்து வண்டியில் கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. சிறு வயதில் கிணற்றில் குதித்து அடிபட்டதில் அண்ணனின் இடது பாதம் சற்று உட்பக்கம் திரும்பியிருக்கும். அதற்குத் தோதாக அவரே வளைத்து வாங்கியது. நான் பிழை என்று திருத்தியது அவருடைய பாதத்தை. ஒரே வீட்டில் வளர்ந்த எனக்கு அந்தப் பாதம் ஞாபகம் இல்லை.

இதில் நான் சுதாரித்திருக்க வேண்டும். சுதாரிக்கவில்லை.

பதினோரு வருஷம் நின்ற வண்டி. பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப் போயிருந்தது. பிளக்கைக் கழற்றி டீசலை ஊற்றி ஒரு வாரம் ஊறவைத்துத் தட்டித் தட்டி இளக்கினேன். ஹெட்டும் சிலிண்டரும் வந்தன. 70 மில்லிமீட்டர் குறுக்களவு, 90 மில்லிமீட்டர் ஓட்டம். உள்ளங்கைக்குள் அடங்குகிற அந்தப் பிஸ்டன்தான் முப்பது வருஷம் அண்ணனைச் சுமந்தது என்பதை நம்பக் கஷ்டமாக இருந்தது. கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தபோது அடியில் 'டக்' என்று ஆடியது. கிராங்கை வெளியே எடுத்தாக வேண்டும். அதற்கு இன்ஜினை இரண்டு பாதியாகப் பிளக்க வேண்டும். பிளப்பதற்கு முன் வலது பக்கத்தில், டைமிங் கவருக்கு உள்ளே, கிராங்கின் நுனியில் திருகியிருக்கும் ஒரு சிறு உறுப்பைக் கழற்ற வேண்டும். ஆயில் பம்ப்பைச் சுழற்றும் வார்ம் அது. பார்வைக்கு மேலே வரி ஓடிய ஒரு நட்டு. பக்கத்தில் உள்ள பல்சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவதும் அதுவே.

ஆடி மாதம். காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. தார்சாவில் பாயை விரித்து இன்ஜினை வைத்திருந்தேன். நாலடி தள்ளி அண்ணனின் நாற்காலி. கனெக்டிங் ராடின் தலைத் துளையில் ஓர் இரும்புத் தடியை நுழைத்து, இரண்டு மரக்கட்டைகள்மேல் படியவைத்து, கிராங்க் சுழலாதபடி நிறுத்தினேன். ஸ்பேனரை மாட்டி, பிறந்தது முதல் எல்லா மூடிகளையும் எப்படித் திறந்தேனோ அப்படி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருகினேன். அசையவில்லை. துரு என்று மண்ணெண்ணெய் விட்டேன். அசையவில்லை. ஸ்பேனரின் முனையில் ஒரு முழ நீளக் குழாயைச் செருகி உடம்பின் கனத்தையும் சேர்த்து அழுத்தினேன்.

'அதான்! அதான்!' என்றார் அண்ணன்.

நிமிர்ந்து பார்த்தேன். முகம் சிவந்திருந்தது. இடது கை காற்றில் எதையோ பற்றித் திருகிக் காட்டிக்கொண்டிருந்தது. உற்சாகம் வந்துவிட்டது எனக்கு. மூன்று வருஷத்தில் அவர் இவ்வளவு வேகமாக எதற்கும் அதான் சொன்னதில்லை. திருகு, திருகு என்கிறார் என்று புரிந்துகொண்டேன். இந்த ஒரு காரியத்திலாவது அண்ணனும் தம்பியும் சேர்ந்துவிட்டோம் என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. 'இதோ அண்ணே, வந்துரும்' என்று முழு பலத்தையும் கொடுத்தேன்.

பட்டென்று ஒரு சத்தம். குழாய் தரையில் மோதியது. என் விரல் முட்டிகளில் தோல் உரிந்தது. வார்ம் கிராங்கின் நுனியை ஒடித்துக்கொண்டு கையோடு வந்துவிட்டது.

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. கை மெல்ல இறங்கித் தொடைமேல் படிந்தது. மதினி அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். 'அவ்வொ அந்தப் பக்கம்லா திருப்பச் சொன்னாவ' என்றார்.

உள்ளூர் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். முப்பது வயதுகூட இருக்காது. ஒடிந்த நுனியைத் துணியில் துடைத்துப் பார்த்தார். 'என்ன அண்ணாச்சி, இது இட மரைல்லா? களத்துறோம்னு நெனச்சு இறுக்கிக்கிட்டே இருந்திருக்கியளே' என்றார். கேலி இல்லை. வருத்தத்தோடுதான் சொன்னார். பிறகு காரணத்தையும் சொன்னார். வலது பக்கமிருந்து பார்த்தால் கிராங்க் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. பம்ப்பின் பாரம் வார்மைப் பின்னுக்குப் பிடித்து இழுக்கிறது. சாதாரண வல மரையாக இருந்தால் ஓட ஓட அது கழன்று வந்துவிடும். இட மரையாக இருப்பதால் ஓட ஓட இறுகும். இயற்கைக்கு மாறாகச் செய்திருக்கிறார்கள் என்று தோன்றும், ஆனால் அந்த இடத்துக்கு அதுதான் இயற்கை.

வீட்டுக்கு வந்து, என்னிடம் இருந்த பழைய மானுவலின் ஜெராக்ஸைப் புரட்டினேன். இட மரை என்ற எச்சரிக்கை அதில் இருந்தது. அந்தப் பக்கத்தை நான் படித்திருக்கிறேன். ஓரத்தில் பென்சிலால் கோடுகூடப் போட்டிருக்கிறேன், வேறொரு வரிக்கு.

இரண்டு நாள் அண்ணன் வாயிலிருந்து அந்த ஒரு சொல்லும் வரவில்லை. அந்த இரண்டு நாளும் நான் திண்ணையில்தான் படுத்தேன். இரண்டாவது ராத்திரி ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. எனக்குப் பத்து வயசு. சைக்கிளின் இடது மிதி ஆடுகிறது. நான் அதை மாட்டப் பார்த்து மாட்ட முடியாமல் அழுதுகொண்டிருக்கிறேன். அண்ணன் வந்து உட்கார்ந்து, 'இடது மிதிக்கு எல்லாம் ஏறுக்கு மாறு' என்று சொல்லி, கையை வெறும் காற்றில் திருப்பிக் காட்டுகிறார். அதே கை. அதே திருப்பம். இட மரையைப் பற்றி எனக்குத் தெரியாது என்று சொல்வதற்கில்லை. ஐம்பத்து நாலு வருஷம் முன்னால் எனக்குச் சொல்லித்தரப்பட்டது.

சொல்லும் கையும் ஒரே சமயத்தில் என் முன்னால் இருந்தன. சொல்லுக்கு அர்த்தம் இல்லை என்பது எனக்கு மூன்று வருஷமாகத் தெரியும். வேண்டாம் என்பதும் அதுவே என்று தெரியும். ஆனாலும் அந்த நிமிஷத்தில் சொல்லைத்தான் நம்பினேன். கை அசைந்ததைப் பார்த்தேன், எந்தப் பக்கம் அசைந்தது என்று பார்க்கவில்லை. மதினி பார்த்தார். மூன்று வருஷமாக ராப்பகலாக அவர் படித்துக்கொண்டிருப்பது அந்தக் கையை. நான் மாதம் ஒருமுறை வந்து அர்த்தம் சொல்லிவிட்டுப் போகிறவன்.

இதை இலக்கியத்துக்குக் கொண்டுவந்து பொருத்துவது சுலபம். சுலபமாக இருப்பதாலேயே எனக்கு அதில் சந்தேகம். இருந்தாலும் இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களிடம் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1986ல் ஓர் இளைஞரின் முதல் கவிதைத் தொகுதியைப் பற்றி எழுதினேன். என்னிடம் அப்போது ஒரே ஒரு ஸ்பேனர் இருந்தது, அதை ஒரே திசையில் திருகத்தான் தெரியும். எந்தக் கவிதையும் திறக்கவில்லை. திறக்காததற்குக் காரணம் கவிதையில் ஒன்றும் இல்லாததே என்று எழுதினேன். குழாயையும் செருகினேன். நாலைந்து வரிகளை எடுத்துப் போட்டுக் கேலி செய்தேன். அவர் அதற்குப் பிறகு எழுதவில்லை. என் கட்டுரையால்தான் நிறுத்தினார் என்று சொல்வது என்னை நானே பெரிதாக்கிக்கொள்வது. எத்தனையோ காரணம் இருக்கலாம். ஆனால் அந்தத் தொகுதியை இப்போது மறுபடி படித்துப் பார்த்தேன். கேலிக்கு எடுத்த வரிகளில் இரண்டு, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதை அந்த வரியிலேயே வெளிப்படையாகக் காட்டிக்கொண்டிருக்கின்றன. கொஞ்சம் பைத்தியமானவனை மரை கழன்றவன் என்கிறோம். திறப்பதாக நினைத்து இறுக்கி இறுக்கியே ஒடித்துவிடுகிறவனுக்கு அப்படி ஒரு பட்டப் பெயரை நான் கேட்டதில்லை.

கிராங்குக்குப் புது நுனி போட முடியாது. ஷாஃப்ட்டையே மாற்ற வேண்டும். சென்னைக்குப் போய் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் இரண்டு நாள் அலைந்து ஒன்றைப் பிடித்தேன். திருநெல்வேலியில் ஒரு லேத் பட்டறையில் ஃப்ளைவீல்களைச் சேர்த்து, லேத்தில் ஏற்றி, டயல் கேஜை வைத்து நேர் பார்த்தார்கள். ஒரு செம்புச் சுத்தியலால் தட்டுவார், முள்ளைப் பார்ப்பார், திரும்பத் தட்டுவார். அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்குக்குள் வரும்வரை அந்தப் பெரியவர் விடவில்லை. இரண்டரை மணி நேரம். அதற்குள் அவர் பேசியது நாலு வார்த்தை இருக்கும்.

மாட்டுவதை ஐப்பசியில் ஆரம்பித்தேன். இந்தத் தடவை நாற்காலியை நாலடி தூரத்திலிருந்து ஓரடிக்கு இழுத்துப் போட்டேன். எதைத் தொடுவதற்கு முன்பும் அண்ணனின் கையைப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். முதலில் அவர் ஒத்துழைக்கவில்லை. கை தொடையைவிட்டு எழவில்லை. புது வார்மை எடுத்து, திருகுவதற்கு முன், இடப்பக்கமாகக் கையைச் சுழற்றி அவரிடம் காட்டினேன், பத்து வயதுப் பையன் காட்டுவதுபோல. கொஞ்ச நேரம் கழித்து விரல் ஒன்று எழுந்து, ஆமாம் என்று படுத்தது.

பிறகு வேலை நகர்ந்தது. டாப்பெட் வைக்கும்போது தட்டுக்கோலை விரலால் சுற்றிப் பார்க்கச் சொன்னார். இந்த வண்டியில், இன்ஜின் ஆறியிருக்கும்போது, அது விரலுக்கு லேசாகச் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள நிலை ஸ்பேனருக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். நான் வைத்ததை நாலு தடவை தன் இடது கையால் சுற்றிப் பார்த்து நிராகரித்தார். ஐந்தாவதில் கையை எடுத்துக்கொண்டார். நிமிர்த்திய பெடலைத் திரும்பக் கொல்லுப்பட்டறைக்குக் கொண்டுபோய், அண்ணனின் பாதத்தைக் காகிதத்தில் வரைந்துகொண்டுபோய், பழையபடி வளைத்து வந்தேன். போஸ்ட் கார்டு பேக்கிங் குப்பையோடு போய்விட்டது. அதற்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

கடைசியில் பற்றவைப்பு நேரம். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்றுமுன், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தூரத்தில் இருக்கும்போது, பாயின்ட் திறக்கத் தொடங்க வேண்டும். முழுதாகத் திறக்கும்போது அதன் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். இடைவெளியை அளந்துவிடலாம். திறக்கத் தொடங்கும் கணத்தைக் கண்ணால் பிடிக்க முடியாது. மெக்கானிக் ஒரு வழி சொல்லித்தந்தார். ஒரு சிகரெட்டைப் பிரித்து, புகையிலையைக் கொட்டிவிட்டு, அந்த மெல்லிய தாளில் ஒரு கீற்றைப் பாயின்ட்டின் வாயில் வைக்க வேண்டும். தாளை மெதுவாக இழுத்துப் பிடித்துக்கொண்டே கிராங்கைச் சுற்ற வேண்டும். எந்த இடத்தில் தாள் விடுபடுகிறதோ அது திறக்கும் கணம்.

தாளை இழுப்பது ஒரு கை, கிராங்கைச் சுற்றுவது இன்னொரு கை, பிஸ்டனைப் பார்ப்பது கண். எனக்கு மூன்றும் சேர்ந்து வரவில்லை. தாள் கிழிந்தது, அல்லது நான் பதறி முன்கூட்டியே இழுத்தேன். ஒரு பாக்கெட் சிகரெட் தீர்ந்தது. அண்ணன் கையை நீட்டினார். தாளின் நுனியை அவர் இடது கையின் இரண்டு விரல்களுக்குள் கொடுத்தேன். நான் கிராங்கை மயிரிழை மயிரிழையாகச் சுற்றினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். தெருவில் ஏதோ லாரி போயிற்று. அது போய் முடிகிறவரை இருவரும் அசையாமல் இருந்தோம். திரும்பச் சுற்றினேன். தாள் அவர் விரலோடு வந்தது, கிழியாமல். 'ம்' என்றார். அதான் அல்ல. வெறும் 'ம்.' அதை ஒரு சொல் என்று நான் கணக்கில் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. அது எப்போது வந்தது என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அந்த இடத்தில் நிறுத்திப் பாயின்ட் தட்டை இறுக்கினேன். வல மரை. ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன்.

2023 தை மாதம் வண்டியைத் தார்சாவிலிருந்து முற்றத்துக்கு இறக்கினோம். புல்லட்டைக் கிளப்புவதற்கு ஒரு முறை இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அம்மீட்டரின் முள் இடது பக்கம் சாயும். கிக்கரை மெல்ல அழுத்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் முள் நடுவுக்கு வந்து நிற்கும். பாயின்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்கு அடையாளம். அப்போது டீகம்ப்ரசர் லீவரைப் பிடித்து ஒரு மயிரிழை தாண்டவிட்டு, லீவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழுதாக உதைக்க வேண்டும். கோபத்தோடு உதைத்தால் திருப்பி உதைக்கும். அறுபத்தைந்து வயசுக் காலால் உதைத்தேன். பதினேழாவது உதையில் கிளம்பியது.

சத்தத்தைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. அதைப் பற்றிப் பலரும் பரவசமாக எழுதியாகிவிட்டது. எனக்கு அது சற்று வேகமாகவும் சீரில்லாமலும் கேட்டது. மதினி வாசற்படியில் நின்றார். அண்ணன் சக்கர நாற்காலியில், தலையை ஒருபக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஏதோ சொன்னார். சத்தத்தில் என்ன சொல் என்று காதில் விழவில்லை. அதான் என்றுதான் இருந்திருக்கும். நான் திருப்புளியை எடுத்துக் கார்புரேட்டரின் திருகாணியில் வைத்துக்கொண்டு, அவர் கையைப் பார்த்தேன்.

கை மெல்ல வலப்பக்கம் திரும்பியது. திருப்பினேன். இன்னும் கொஞ்சம் திரும்பியது. திருப்பினேன். கை தயங்கி, அரைக்கால் அளவு இடப்பக்கம் வந்தது. நானும் வந்தேன். சத்தம் இறங்கி ஒரே சீராக விழத் தொடங்கியது. கை நின்றது. நிறுத்தினேன்.

கீழே வைத்திருந்த தட்டில் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. புல்லட்டுக்கு அது உள்ளதுதான் என்றார் மதினி.